கண்காட்சிக்குக் கட்டிய மண்டபத்தில் பரீட்சை எழுதலாமா?

அக்கா மகள் மெல்போர்னில் முதுகலை படிக்கிறாள். செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு அவள் அனுப்பிய கேள்வி இது: "மாமா, நாங்க பரீட்சை எழுதின இடம் ராயல் எக்ஸிபிஷன் பில்டிங்காம். மேலே பெரிய டூம், சுவரெல்லாம் சித்திரம், யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் வேற. நம்ம பக்கம்னா கயிறு கட்டித் தள்ளி நிக்கச் சொல்வாங்க. இங்க வரிசையா மேசை போட்டுப் பரீட்சை நடத்துறாங்க. கட்டடத்துக்குக் கேடு இல்லையா? முதல்ல இதை எதுக்குக் கட்டினாங்க? அப்புறம், அப்பா ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தை எடுக்கலாமான்னு யோசிக்கிறார். அதுக்கும் ஏதாவது சொல்லுங்க."

அவளுக்கு எழுதிய பதிலை மற்றவர்களும் படிக்கட்டும் என்று அப்படியே தருகிறேன்.

கேடே கிடையாது மக்களே. அந்தக் கட்டடம் இன்று நிற்பதற்கே காரணம் 140 வருடத்துக்கும் மேலாக அதற்குள் யாராவது ஏதாவது செய்துகொண்டே இருந்ததுதான். நான் மராமத்து வேலையில் கட்டடப் பிரிவில் காலம் கழித்தவன். குமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் பூட்டிப்போட்ட பழைய வீடுகள் எப்படி விழுகின்றன என்று பார்த்திருக்கிறேன். ஒரு ஓடு நகரும், அவ்வளவுதான். ஆள் குடியிருக்கும் வீடென்றால் அன்றைக்கே ஒழுகல் தெரியும், ஏணி வைத்து ஏறி ஓட்டைச் சரியாக்கிவிடுவார்கள். பூட்டின வீட்டில் அந்த ஒழுகல், ஓட்டைத் தாங்கும் சரிவு மரமான கழுக்கோலின் நுனியில் இறங்கி, சுவரின் தலையில் கிடக்கும் உத்திரத்தை நனைத்து, நனைந்த மரத்தைத் தேடிக் கரையான் ஏறி, நாலைந்து மழைக்காலத்தில் கூரையின் ஒரு மூலை இறங்கிவிடும். அதற்கப்புறம் மண்சுவர் எத்தனை நாள் தாங்கும்? ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்துக்கு நோய் வந்ததே யாருக்கும் தெரிவதில்லை.

இப்போது எதற்குக் கட்டினார்கள் என்பதற்கு வருகிறேன். கதை 1851-இல் லண்டனில் தொடங்குகிறது. ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்கலைக்காரர் இரும்பையும் கண்ணாடியையும் வைத்து 563 மீட்டர் நீளத்தில் ஒரு மண்டபம் எழுப்பினார், கிரிஸ்டல் பேலஸ் என்று அதற்குப் பெயர் வந்தது. உலகத்தின் எந்திரங்கள், துணி, நகை, தானியம், கைவேலை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே காட்டினார்கள். மே 1-இலிருந்து அக்டோபர் 15 வரைக்கும் 60 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். அதில் நம் நாட்டுப் பொருள் ஒன்றும் இருந்தது. திருவிதாங்கூர் ராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விக்டோரியா ராணிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனமும் கால் வைக்கும் பீடமும். நம் தாலுகாக்கள் எல்லாம் அப்போது திருவிதாங்கூர்தானே, அதனால் உரிமையோடு சொல்கிறேன். 1876-இல் ராணி இந்தியாவின் பேரரசி என்று பட்டம் சூடியபோது அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துதான் படம் எடுத்துக்கொண்டார். விண்ட்சர் கோட்டையில் இன்றும் இருக்கிறது.

லண்டன் கண்காட்சி லாபத்தில் முடிந்ததும் எல்லா ஊருக்கும் ஆசை வந்துவிட்டது. 1851-க்கும் 1915-க்கும் நடுவில் பாரிஸ், நியூயார்க், வியன்னா, கல்கத்தா, சாண்டியாகோ என்று 50-க்கும் மேற்பட்ட சர்வதேசக் கண்காட்சிகள் நடந்தன. மெல்போர்னுக்கு வசதியும் இருந்தது. 1851-இல் விக்டோரியா மாநிலத்தில் தங்கம் கிடைத்தது, முப்பது வருடத்தில் அந்த ஊர் பெரும் பணக்கார நகரமாகிவிட்டது. நாங்களும் உலகத்தில் ஒரு ஊர் என்று காட்ட வேண்டாமா? கட்டட வரைபடத்துக்குப் போட்டி வைத்தார்கள், ஜோசப் ரீட் ஜெயித்தார். 1879 பிப்ரவரி 19-ஆம் தேதி அடிக்கல், 1880 அக்டோபர் 1-ஆம் தேதி திறப்பு. ஒன்றரை வருடத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். கட்டிய ஒப்பந்தக்காரர் டேவிட் மிட்செல், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஓபரா பாடகி நெல்லி மெல்பாவின் அப்பா.

நீ அண்ணாந்து பார்த்த டூமின் உச்சி தரையிலிருந்து 68 மீட்டர், குறுக்களவு 18 மீட்டருக்குச் சற்று மேலே. இத்தாலியில் ஃபுளாரன்ஸ் தேவாலயத்தின் டூமை மனதில் வைத்து வரைந்தது. அதற்குக் கீழே சிலுவை வடிவத்தில் மண்டபம், நீளவாக்கில் சுமார் 150 மீட்டர். ஆனால் ரீட் செய்ததில் என் கண்ணுக்குப் பெரிய விஷயம் டூம் அல்ல. கண்காட்சிக்கு வேண்டிய இடம் ஏராளம், அத்தனையும் நிரந்தரமாகக் கட்டினால் பின்னால் யார் பராமரிப்பது? நடு மண்டபத்தை மட்டும் செங்கல்லால் கெட்டியாகக் கட்டி, சிமெண்டுப் பூச்சுப் பூசி, இரண்டு பக்கத்து இணைப்புகளையும் நிற்க விட்டு, மற்றதையெல்லாம் பின்பக்கம் பெரிய கொட்டகைகளாகப் போட்டு, கண்காட்சி முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். எது நிற்க வேண்டியது, எது போக வேண்டியது என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டு கட்டிய கட்டடம் அது.

அந்த முடிவின் அருமை புரிய வேண்டுமென்றால் சிட்னியைப் பார். மெல்போர்னுக்கு ஒரு வருடம் முந்திக்கொண்டு 1879-இல் சிட்னியும் கண்காட்சி நடத்தியது. அவசரம், எட்டே மாதத்தில் கார்டன் பேலஸ் என்ற மாளிகை எழும்பிவிட்டது, பெரும்பாலும் மரம். 1882 செப்டம்பர் 22-ஆம் தேதி விடியற்காலையில் தீப்பிடித்து முழுவதும் சாம்பல். உள்ளே வைத்திருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகள் போயின, பழங்குடி மக்களிடமிருந்து சேகரித்த பொருள்களும் போயின, திரும்பக் கிடைக்காத பொருள்கள் அவை. லண்டன் கிரிஸ்டல் பேலஸைப் பிரித்து 1854-இல் சிடன்ஹாம் என்ற இடத்தில் மறுபடி எழுப்பினார்கள், அதுவும் 1936 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி எரிந்தது. கண்காட்சி மாளிகைகளின் கதையை எடுத்தால் பாதிக்கு மேல் ஒன்று தீயில் முடியும், இல்லை இடிப்பில் முடியும்.

மெல்போர்னில் 1880-81 கண்காட்சிக்குப் பத்து லட்சத்துக்கும் மேலே கூட்டம், இந்தியாவிலிருந்து தேயிலையும் போயிருந்தது. 1888-இல் இன்னொரு கண்காட்சி, மின்விளக்குப் போட்டதால் ராத்திரியும் திறந்து வைக்க முடிந்தது, சுமார் இருபது லட்சம் பேர் வந்தார்கள். பிறகு 1890-களில் வங்கிகள் விழுந்தன, காசு இல்லை, உலகக் கண்காட்சி என்ற பேச்சும் நின்றுபோனது. அந்த வகையில் பார்த்தால் கட்டிய வேலை பத்து வருடத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மறுபயன்பாடுதான்.

1901 மே 9-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் முதல் நாடாளுமன்றத்தை அங்கேதான் திறந்தார்கள். பன்னிரண்டாயிரம் பேரை உட்காரவைக்க அந்த ஊரில் வேறு இடம் கிடையாது. திறந்து வைத்தவர் அப்போதைய யார்க் கோமகன், பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். கான்பெரா தலைநகரம் தயாராகும்வரை மத்திய நாடாளுமன்றம் மெல்போர்னில் இருந்த மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தை எடுத்துக்கொண்டது, வீடு போன மாநிலச் சட்டமன்றம் 1927 வரைக்கும் இந்தக் கண்காட்சிக் கட்டடத்தின் மேற்குப் பக்கத்து இணைப்பில் கூடியது. இருபத்தாறு வருடம் ஒரு மாநிலத்தின் சட்டங்கள் கண்காட்சிக்காகப் போட்ட பக்கக் கட்டடத்தில் உருவாகியிருக்கின்றன!

1919-இல் ஸ்பானிஷ் ஃபுளூ. ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன, நாடாளுமன்றம் திறந்த அதே மண்டபத்தில் கட்டில்களை வரிசையாகப் போட்டு, 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தார்கள். பலர் அங்கேயே இறந்தும் போனார்கள். நூறு வருடம் கழித்து, 2021-இல், கொரோனா தடுப்பூசி போடவும் மக்கள் அதே டூமுக்குக் கீழேதான் வரிசையில் நின்றார்கள். வெளிச்சம், உயரம், காற்றோட்டம், பெரிய வாசல்கள், வருகிறவன் ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியேறும் வழி. கண்காட்சிக் கூட்டத்துக்காக யோசித்த அதே ஏற்பாடுதான் கொள்ளைநோய்க்கும் வேண்டியிருந்தது.

நடுவில் போர் அருங்காட்சியகம் சில வருடம் இருந்தது, இரண்டாம் உலகப் போரில் விமானப்படை வந்து தங்கியது, 1885-இலிருந்து ஒரு பக்கத்தில் மீன் காட்சியகம் ஓடிக்கொண்டிருந்து 1953-இல் அந்தப் பகுதி எரிந்தது. போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகளுக்கு 1949 முதல் 1962 வரை அந்த வளாகத்தில் தங்குமிடம். 1956 ஒலிம்பிக்கில் பளுதூக்குதல், மல்யுத்தம், கூடைப்பந்து எல்லாம் உள்ளே நடந்தன. அந்த ஒலிம்பிக் நவம்பர் மாதம் தொடங்கியது, அதே நவம்பர் முதல் தேதிதான் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்பது தாத்தா காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும்.

இதையெல்லாம் படித்தால் ஊரே சேர்ந்து சீராட்டிய கட்டடம் என்று தோன்றும். அப்படிக் கிடையாது. 1940-களில் அது பழசாகி, பராமரிப்புச் செலவு கூடி, ஊருக்குப் பாரம் என்று பேர் வாங்கிவிட்டது. 1948-இல் மெல்போர்ன் மாநகராட்சி உறுப்பினர்கள் இடிக்கலாமா என்று வாக்கெடுப்பே நடத்தினார்கள். மிகக் குறைந்த வித்தியாசத்தில் தப்பியது. யுனெஸ்கோ பட்டம் வாங்கிய கட்டடம், கைதூக்கிய சிலரால் பிழைத்தது! 1979-இல் பக்கத்திலிருந்த பெரிய நடன மண்டபத்தை இடித்தபோதுதான் ஊர்க்காரர்களுக்கு உறைத்தது, எதிர்ப்பு வலுத்தது. 1980-இல் நூறாவது வருடத்தில் ராயல் என்ற பட்டம் சேர்ந்தது. 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, ஆஸ்திரேலியாவில் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் கட்டடம் அதுதான்.

பயன்பாட்டால் அடியே படவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நீ சொன்ன சுவர்ச் சித்திரங்கள் 1901-இல் நாடாளுமன்றத் திறப்புக்காக ஜான் ராஸ் ஆண்டர்சன் என்பவர் வகுத்த வண்ணத் திட்டம். பின்னால் வந்தவர்கள் அதன்மேல் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். 1990-களில்தான் அதை மறுபடி கொண்டுவந்தார்கள். கவனி, மேலே பூசியதால் மறைந்தது, ஆனால் சுவர் நின்றதால் மீட்க முடிந்தது. எந்தப் பழைய கட்டடத்தில் எந்தப் புது வேலை செய்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: நாளைக்கு இதைக் கழற்றினால் பழையபடி ஆகுமா? பரீட்சை மேசை சாயங்காலமே கழன்றுவிடும். பூக்கண்காட்சி, கார் கண்காட்சி எல்லாம் ஒரு வாரத்தில் காலி. அதற்காகச் சுவரை உடைத்து ஏசிக் குழாய் கொண்டுபோனால், நடுவில் காங்கிரீட் தளம் போட்டு இரண்டு மாடி ஆக்கினால், அது கழலாது. பெரிய அருங்காட்சியகம் வேண்டும் என்று வந்தபோதுகூட அவர்கள் பழைய மண்டபத்தை உள்ளே வெட்டிக் கூறுபோடாமல், வடக்குப் பக்கம் தனிக் கட்டடமாக மெல்போர்ன் அருங்காட்சியகத்தைக் கட்டி 2000-இல் திறந்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் அவர்கள் செய்ததிலேயே நல்ல முடிவு.

எல்லாக் கட்டடமும் இப்படி வேடம் மாறாது. அந்த மண்டபத்தில் தரை சமதளம், தூண்கள் இரண்டு ஓரத்திலும் ஒதுங்கி நிற்கின்றன, வெளிச்சம் மேல் சன்னல்களிலிருந்து இறங்குகிறது, நிலையான இருக்கை கிடையாது. நம் பக்கத்தில் மூடிக்கிடக்கும் சினிமா தியேட்டர்களைக் கல்யாண மண்டபமாக்கலாம் என்று அடிக்கடி என்னிடம் கேட்பார்கள். தரை சரிவாக இருக்கும், சன்னலே இருக்காது, தரையை நிரவிச் சுவரைத் திறந்து முடிப்பதற்குள் புதுக் கட்டடத்தின் செலவு வந்துவிடும். தியேட்டர் ஒரே வேலைக்குத் தைத்த சட்டை, கண்காட்சி மண்டபம் யார் தோளுக்கும் ஆகிற துண்டு.

நம் நாட்டிலும் ஒன்று இருந்தது. டெல்லி பிரகதி மைதானத்தில் 1972 ஆசியக் கண்காட்சிக்காக ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸ். சுமார் 78 மீட்டர் அகலத்தை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் மூடிய காங்கிரீட் சட்டகம். இரும்பு விலை கட்டாது என்று, வெளிநாட்டில் எஃகில் செய்கிற வேலையை இங்கே வார்ப்புக் காங்கிரீட்டில், ஆள் கையால் செய்து காட்டினார்கள். 45 வருடம் புத்தகக் கண்காட்சியும் வர்த்தகக் கண்காட்சியும் நடந்த இடம். 60 வயது ஆகாத கட்டடத்தைப் பாரம்பரியமாகக் கருத முடியாது என்று சொல்லிவிட்டார்கள், 2017 ஏப்ரலில் ஒரே ராத்திரியில் இடித்துத் தள்ளினார்கள். எனக்கு அதில் இன்றும் ஆறவில்லை. வயதைப் பார்த்து மதிப்பு வைத்தால் நடுவயதில் எல்லாக் கட்டடமும் செத்துவிடும். மெல்போர்ன் கட்டடத்தை இடிக்க ஓட்டுப் போட்டபோது அதற்கு 68 வயது, அப்போதும் அது யார் கண்ணுக்கும் பாரம்பரியமாகத் தெரியவில்லையே!

பக்கத்தில் உதாரணம் வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் இரண்டு மணி நேரம் செலவழி. மிருகசாலைக்குப் போகிற எல்லாரும் பார்க்கிற நேப்பியர் மியூசியம், ராபர்ட் சிசோம் கட்டியது, மெல்போர்ன் மண்டபம் திறந்த அதே 1880-இல் முடிந்தது. சிசோம் கேரளத்துக் கூரைச் சரிவையும் முகப்பையும் எடுத்துக்கொண்டு, வெயில் இறங்காமல் காற்று மட்டும் ஓடும்படி உள்ளே வழி வைத்திருக்கிறார். அது கட்டிய வேலையையே இன்றுவரை செய்கிறது, அப்படி அமைவது கொடுப்பினை. கொச்சியில் கதை தலைகீழ். 1867-இல் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியின் கிட்டங்கி வளாகம், மிளகும் கயிறும் மரமும் ஏற்றுமதியான இடம், 2012-இலிருந்து கொச்சி முசிரிஸ் பினாலே என்ற கலை விழாவின் கண்காட்சிக் கூடமானது. சுவரில் காறை பெயர்ந்ததைக்கூடப் பெரிதாக மறைக்காமல் ஓவியத்தை மாட்டினார்கள்.

சரி, அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது. படிப்பகத்துக்கு அந்த ஓட்டுக் கட்டடம் தாராளமாக ஆகும், எடுக்கச் சொல். ஆனால் அலமாரி வாங்குவதற்கு முன்னால் கூரைக்குக் காசு ஒதுக்கவேண்டும். கழுக்கோல் சுவரில் உட்காரும் இடத்தில் ஒரு ஆணியால் குத்திப் பார்க்கச் சொல், ஆணி சுலபமாக இறங்கினால் மரம் போய்விட்டது என்று அர்த்தம், அதை மட்டும் அயனியிலோ தேக்கிலோ மாற்றினால் போதும், முழுக்கூரையையும் பிரித்துத் தகரம் போடலாம் என்று சொல்லுகிற ஆளை நம்ப வேண்டாம். சுவர் சுண்ணாம்புக் காறையாக இருந்தால் அதன்மேல் சிமெண்டு பூசவே கூடாது. பூசினால் சுவர் குடித்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, பூச்சைத் தள்ளும், புத்தகத்தில் பூசணம் பிடிக்கும். அலமாரியைச் சுவரில் அறைய வேண்டாம், ஒரு சாண் தள்ளித் தனியாக நிறுத்தினால் காற்றும் ஓடும், நாளைக்கு வேண்டாம் என்றால் எடுக்கவும் செய்யலாம். புத்தகம் நாம் நினைப்பதைவிடக் கனம், அதனால் மரமச்சின் மேலே ஒன்றும் அடுக்கக் கூடாது, எல்லாம் கீழ்த்தரையில்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வயரிங். மரக்கூரைக்கு அடியில் பழைய வயரை வைத்துக்கொண்டு ஃபேன் மாட்டுவதுதான் நான் பார்த்ததில் மிக ஆபத்தான காரியம். பழைய வயரை முழுசாகக் கழற்றிவிட்டு, குழாய்க்குள் புதிதாக இழுத்து, மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் ஒன்று வைக்கச் சொல். எதையும் தொடுவதற்கு முன்னால் உள்ளும் வெளியும் போட்டோ எடுத்து, நீள அகலம் அளந்து ஒரு நோட்டில் வரைந்து படிப்பகத்திலேயே வைத்துக்கொள்ளட்டும், பின்னால் வருகிறவர்களுக்கு அது உதவும். ஓடு வேலையை வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதால் மேடம் (சித்திரை மாதம்) பிறந்ததும் ஆளைப் பிடிக்கச் சொல், கடைசி நேரத்தில் கேட்டால் ஓடு மேயத் தெரிந்த ஆள் கிடைக்கமாட்டான்.